பிணம் கிடக்கும் அறையில் எங்கே நின்று சிரிப்பது? (ஓர் அத்தியாயமும் உங்கள் கத்தரிக்கோலும்)

1. கருப்புமை

வணக்கம். ஐந்தாவது நாவலில் இருக்கிறேன். முதல் நான்கும் இதே ரகம்தான்: ஒரு கொலை, அதைத் துப்பறிய ஓர் ஆள், நடுவில் சிரிப்பு. நான்கு புத்தகம் எழுதியவனுக்கு இதெல்லாம் கைவந்திருக்கும் என்று நினைப்பீர்கள். என் இரண்டாம் நாவலில் 40ஆம் பக்கத்தில் செத்துப்போன ஒருவர் 212ஆம் பக்கத்தில் வந்து கதவைத் திறந்துவிட்டார். நானும் பார்க்கவில்லை, மெய்ப்புப் பார்த்தவரும் பார்க்கவில்லை. புத்தகம் வெளிவந்த பிறகு ஒரு வாசகர், "அந்தத் திருப்பத்தை எதிர்பார்க்கவே இல்லை" என்று பாராட்டிக் கடிதம் போட்டார். பதில் எழுத இன்றுவரை தைரியம் வரவில்லை.

அதனால் இந்த முறை அச்சுக்குப் போகும் முன்பே உங்கள் முன்னால் வைக்கிறேன். துப்பறிபவர் ஒரு காப்பீட்டு ஆய்வாளர். இழப்பீட்டு மனுக்களில் பொய் கண்டுபிடிப்பது தொழில். சிரித்துப் பழக்கமே இல்லாதவர். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் மருத்துவர் அவரை ஒரு சிரிப்பு மன்றத்துக்குப் போகச் சொல்கிறார். முதல் நாளே பிணம். மூன்றாம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:

> காலை ஆறரை மணிக்குச் சிரிக்கத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் முன்கூட்டியே வந்து வாசலில் நின்றுகொண்டார். கடைசி ஆள் கழற்றிவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து செருப்புகளை எண்ணினார். இருபத்துமூன்று ஜோடி. அவருடையது வலமிருந்து ஒன்பதாவது. தொலைந்துபோனால் மனுவில் குறிப்பிட வசதியாக இருக்கும்.
>
> உள்ளே மன்றத் தலைவர் ஏற்கெனவே பாயில் படுத்திருந்தார். படுப்பது கடைசிப் பயிற்சி. முதலிலேயே படுத்துவிட்டவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தலைவர் என்றால் முன்னோடியாக இருக்க வேண்டும் அல்லவா? வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் காலைத் தாண்டிப்போய் வணக்கம் சொன்னார்கள். அவர் பதில் வணக்கம் சொல்லவில்லை என்பதைப் பொருளாளர் மட்டும் கவனித்தார். சந்தா பாக்கி பற்றிய பேச்சைத் தலைவர் தவிர்க்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.
>
> சிங்கச் சிரிப்பு முடிந்தது. தொலைபேசிச் சிரிப்பு முடிந்தது. கடைசியாக ஓசையில்லாச் சிரிப்பு. இருபத்துநான்கு பேர் மல்லாந்து படுத்து, வாயை மூடிக்கொண்டு வயிற்றால் சிரித்தார்கள். அதைக் குறையில்லாமல் செய்தவர் தலைவர் ஒருவர்தான்.
>
> ஏழேகாலுக்கு மணி அடித்தது. இருபத்துமூன்று பேர் எழுந்தார்கள். பொருளாளர் தலைவரின் கையைப் பிடித்துத் தூக்கினார். கை மரக்கட்டைபோல விறைத்திருந்ததால் தோளும் சேர்ந்து எழுந்தது. முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.
>
> "இறந்துவிட்டார்" என்றார் ஆய்வாளர்.
>
> "அப்படியானால் சந்தா?" என்று பொருளாளர் கவலையோடு கேட்டார்.

என் திட்டப்படி, தலைவர் காலை ஆறு மணிக்குக் குடித்த ஏதோ ஒன்றில் விஷம். கிழித்துத் தொங்கவிடுங்கள். பதிலுக்கு நீங்கள் போடுவதையும் நான் படிப்பேன். வாயை மூடிக்கொண்டு படிக்க மாட்டேன் என்று இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

2. சும்மாவந்தவர்

சிரிப்பு வரவில்லை.

3. கருப்புமை

எந்த வரியில் நின்றுபோனது?

4. சும்மாவந்தவர்

வந்தால்தானே நிற்பதற்கு.

5. முதல்பிரதி

அண்ணா, 'முன்னோடி'யில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். செருப்பு எண்ணும் இடம் மட்டும் கதைக்குத் தேவையா என்று தோன்றியது. வேகம் குறைகிறது.

நானும் ஒன்று போடுகிறேன். இதுதான் என் முதல் முயற்சி, கொஞ்சம் பார்த்து அடியுங்கள்:

> இன்ஸ்பெக்டர் சொதப்பலிங்கம் புயல்போல உள்ளே நுழைந்தார். யானைபோலத் தடுக்கி விழுந்தார். பந்துபோல எழுந்தார். "கொலைகாரன் எங்கே?" என்று சிங்கம்போலக் கர்ஜித்துவிட்டு, பக்கத்தில் நின்ற கொலைகாரனிடமே கைக்குட்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கே போனாலும் விடமாட்டேன்!" என்று உரக்கக் கூறியபடி பின்வாசல் வழியாக ஓடினார்.

6. கருப்புமை

தம்பி, பார்த்துத்தான் அடிக்கிறேன்.

புயல், யானை, பந்து, சிங்கம். நான்கே வாக்கியத்தில் நான்கு. வந்தது காவல்துறையா சர்க்கஸா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. உவமை நகைச்சுவையின் நண்பன்தான், ஆனால் கூட்டமாக வந்தால் ஒன்றின் முகத்தை இன்னொன்று மறைக்கும். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எதை என்று கேட்காதீர்கள், எனக்கு நான்குமே பிடிக்கவில்லை.

அடுத்தது பெயர். சொதப்பலிங்கம் என்று முதல் வரியில் படிக்கும்போது ஒரு புன்னகை வரும். அதோடு அவர் சொதப்பப்போகிறார் என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் முந்நூறு பக்கம் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் பழைய சிரிப்பைத் திரும்பக் கேட்டு வாசகரிடம் கை நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணப் பெயர் வையுங்கள். ஆள் சொதப்பட்டும்.

இனி நல்ல செய்தி. கொலைகாரனிடமே கைக்குட்டை வாங்குகிறார் பாருங்கள், அது தங்கம். நீங்களோ அதை நடுவில் புதைத்து, மேலே 'கொலைகாரனிடமே' என்று பலகையும் நட்டுவிட்டீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். "பக்கத்தில் நின்றவரிடம் கைக்குட்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்", அவ்வளவுதான். அவர் விழுந்து எழுந்ததில் வாசகர் சிரித்துக்கொண்டிருப்பார், கைக்குட்டையைக் கவனிக்க மாட்டார். நூற்றைம்பது பக்கம் கழித்து அந்தக் கைக்குட்டை இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையிலிருந்து வெளியே வரட்டும். வாசகர் முதலில் திடுக்கிடுவார், அப்புறம் நினைத்து நினைத்துச் சிரிப்பார்.

நான்கு புத்தகத்தில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். சிரிக்கிற நேரத்தில் வாசகர் சந்தேகப்படுவதில்லை. மந்திரவாதி வலது கையை ஆட்டும்போது இடது கை வேலை செய்கிற மாதிரி, சிரிப்பு ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் துப்பை மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு நகைச்சுவையை வெட்டி எறிந்தால் கதை உடைய வேண்டும். உடையவில்லை என்றால் அது வெறும் தோரணம்.

7. முதல்பிரதி

வலித்தது, ஆனால் புரிந்தது. ஒரு சந்தேகம். அப்படி ஒளித்து வைப்பது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா? துப்பெல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று ஏதோ விதி இருப்பதாகப் படித்த நினைவு.

8. கருப்புமை

இருக்கிறது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகள் எழுதி வைத்தார். அவர் பாதிரியார், கட்டளைகள் பத்தாக இருந்ததில் ஆச்சரியமில்லை. துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் போகும். ரகசிய வழியே கூடாது என்று சொல்லாமல் ஒன்றுக்கு அனுமதி கொடுத்த பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். நீங்கள் சொல்வது, துப்பறிபவர் கண்ணில் படும் துப்பை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்ற கட்டளை.

காட்டத்தான் வேண்டும். எப்போது காட்ட வேண்டும் என்பதில்தான் நம் பிழைப்பு. கைக்குட்டையை நீங்கள் காட்டிவிட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தது அவர் தப்பு.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். "என்று உரக்கக் கூறியபடி பின்வாசல் வழியாக ஓடினார்." தமிழில் வினை கடைசியில் வருவது நமக்குக் கிடைத்த வரம். வாக்கியம் முடியும்வரை என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியாது, வெடியைக் கடைசிச் சொல்லில் வைக்கலாம். அந்த வரத்தைக் கெடுப்பது 'என்று கூறினார்'. ஆள் வேடிக்கையாக ஏதோ சொல்கிறான், வெடி வெடிக்கிறது, அதன் தலையில் 'என்று அவர் புன்னகையுடன் கூறினார்' என்று ஈரச்சாக்கைப் போட்டு மூடுகிறோம். யார் பேசுகிறார் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டுப் பேச்சோடு வாக்கியத்தை முடியுங்கள்.

9. சும்மாவந்தவர்

"அப்படியானால் சந்தா?" என்று பொருளாளர் கவலையோடு கேட்டார்.

10. கருப்புமை

...

ஒப்புக்கொள்கிறேன். 'கவலையோடு' வேறு.

11. ஓய்வுபெற்ற தடயம்

நான் எழுத்தாளன் இல்லை. தடய அறிவியல் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கதை நன்றாகவே இருந்தது, ஆனால் பிணம் சரியில்லை.

ஆறு மணிக்கு விஷம் குடித்தவர் ஏழேகாலுக்கு மரக்கட்டைபோல விறைத்திருக்க மாட்டார். சாவு நடந்ததும் உடம்பு முதலில் தளரும். எல்லாத் தசையும் தொய்ந்துபோகும். பிறகுதான் விறைப்பு. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் கண்ணிமை, தாடை, முகம் போன்ற சிறு தசைகளில் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் கை, கால். கையைத் தூக்கினால் தோளும் சேர்ந்து வரும் அளவுக்கு உடம்பு முழுவதும் விறைக்கச் சுமார் 12 மணி நேரம் ஆகும். வெப்பம், உடல்வாகு, சாவுக்கு முன் ஓடினாரா என்பதையெல்லாம் பொறுத்து முன்பின் ஆகலாம், ஆனால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஆகாது. உங்கள் தலைவர் முந்தைய நாள் மாலையே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பும் இடிக்கிறது. தசை தளரும்போது முகத்தில் எந்தப் பாவமும் தங்காது. சினிமாவில் பிணம் அமைதியாகப் புன்னகைக்கும், மேசையில் படுக்க வைத்தால் வாய் தொங்கும். உயிர் இருக்கும்போதே முகத் தசை இழுத்து இளிப்பு மாதிரி தெரிவது தனுர்வாத நோயிலும் ஸ்ட்ரிக்னின் விஷத்திலும் உண்டு, அதற்கு ரிசஸ் சார்டோனிகஸ் என்று பெயர். ஆனால் ஸ்ட்ரிக்னின் கொடுத்தால் உடம்பு வில்லாக வளைந்து துடிக்கும். இருபத்துமூன்று பேருக்கு நடுவில் சத்தமில்லாமல் படுத்திருக்க வாய்ப்பே இல்லை.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

12. கருப்புமை

ஐயா, குறையா? அரைமணி நேரமாக இந்தப் பதிவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கொலையே செத்துவிட்டது.

13. தூக்கமில்லாதவள்

சாக வேண்டிய கொலைதான் சார். விஷம் கலந்து கொடுத்தார்கள் என்பது யார் வேண்டுமானாலும் எழுதுவது. எனக்கு வேறொன்றும் உறுத்துகிறது. செத்தவருக்காக அந்த அறையில் ஒருவர்கூட வருத்தப்படவில்லை. பொருளாளர் சந்தாவைக் கேட்கிறார், ஆய்வாளர் அறிவிக்கிறார், நீங்கள் எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் செத்தது மனிதர் என்றே தோன்றவில்லை, மேடைச் சாமான் மாதிரி கிடக்கிறார். யாருக்குமே தேவைப்படாத ஒருவரைக் கொன்றவன் யார் என்று தெரிந்துகொள்ள நான் ஏன் முந்நூறு பக்கம் படிக்க வேண்டும்?

திட்டிவிட்டு ஓடிப்போவது நியாயமில்லை, என்னுடையதும் இதோ:

> ஆளை முடிக்கச் சொல்லி முன்பணம் கொடுத்தவர் இரண்டாம் வாரம் வந்து, மனம் மாறிவிட்டது, பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்றார். அவள் கோபப்படவில்லை. ரசீது இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அவரே தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தார். பெற்றுக்கொண்டவர், தொகை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. 'காரணம்' என்ற இடத்தில் 'மைத்துனர்' என்றிருந்தது. இதைவிட விசித்திரமான ரசீதை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.
>
> அன்று இரவு வீடு திரும்பும் வழியில், இருட்டில் காத்திருந்த மைத்துனர் பின்னாலிருந்து பாய்ந்து குளோரோஃபார்ம் கைக்குட்டையை மூக்கில் அழுத்தினார். ஒரே நொடியில் மயங்கிச் சரிந்தார்.

14. முதல்பிரதி

'காரணம்: மைத்துனர்'. அக்கா, இதை என் குடும்பத்தில் ஒருவருக்கும் காட்ட முடியாது.

15. கருப்புமை

தூக்கமில்லாதவள், உங்கள் முதல் பத்தியில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வெட்டுவேன். கடைசி வாக்கியம். 'மைத்துனர்' என்று படித்து நான் சிரிக்க வாயைத் திறக்கும் நேரத்தில், "விசித்திரம், பார்த்தீர்களா?" என்று தோளைத் தட்டுகிறீர்கள். எங்களுக்கே தெரியும் அம்மா. அவளுக்கு அது விசித்திரமாகவே படக்கூடாது. அவள் அதை வாங்கி, மடித்து, மற்ற ரசீதுகளோடு கோப்பில் வைக்க வேண்டும். கோப்பில் ஏற்கெனவே எத்தனை மைத்துனர்களோ!

மற்றபடி உங்களிடம் இருக்கும் அந்த நிதானம் என்னிடம் இல்லை. நான் சிரிக்க வைக்கப் பாடுபடுகிறேன் என்பது வெளியே தெரிகிறது. நீங்கள் கணக்கு எழுதுகிற முகத்தோடு எழுதுகிறீர்கள். பொறாமையாக இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியில் சரிந்து விழுந்தவர் யார்? எழுவாயைப் பார்த்தால் மைத்துனர் தன்னையே மயக்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அதுவும் மோசமில்லை.

உங்கள் குற்றச்சாட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

16. ஓய்வுபெற்ற தடயம்

குளோரோஃபார்ம் ஒரே நொடியில் வேலை செய்யாது. துணியில் நனைத்து மூக்கில் வைத்தால் ஆள் நினைவிழக்கச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை துணியை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சும்மா இருப்பாரா?

17. கருப்புமை

ஐயா, நீங்கள் பிழை சொல்லச் சொல்ல எங்களுக்குக் காட்சி கிடைக்கிறது. தூக்கமில்லாதவள், அந்த ஒரு நொடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கில் துணி, பின்னால் மைத்துனர், இரண்டு பேரும் போகிற வண்டிகளுக்குச் சந்தேகம் வராதபடி தெருவிளக்கின் கீழே கட்டிப்பிடித்த மாதிரி நின்றுகொண்டு ஐந்து நிமிடம் குடும்ப விஷயம் பேசட்டும். பாகப்பிரிவினையில் ஆரம்பித்தால் நேரம் போதாது.

18. தூக்கமில்லாதவள்

எழுத ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது நிமிடத்தில் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். நான்காவதில் மயக்கம்.

19. பழஞ்சுவடி

படித்துக்கொண்டே வருகிறேன். பழைய புத்தகத்தை இழுக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், இந்தத் தகராறுக்குப் பொருந்துகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், முதலாவது நகை, சிரிப்பு. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதே இயலில் அச்சம் பிறக்கும் இடங்களும் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. கள்வர் அங்கேயே வந்துவிட்டார்கள். தலைவரோ அதிகாரியோ யாராக இருந்தாலும், மேலே இருப்பவரும் அச்சக் கணக்கில்தான். உங்கள் நாவல் வகை இந்த இரண்டு பட்டியலையும் ஒரே பாயில் படுக்க வைக்கிறது.

இங்கே எழுதுபவர்கள் பெரும்பாலும் எள்ளலிலேயே நிற்கிறீர்கள். பொருளாளரைக் கிண்டல் செய்வது எள்ளல். தம்பியின் இன்ஸ்பெக்டர் பேதைமை, ஒன்றுமே தெரியாதவர். எனக்குப் பிடித்தது நான்காவது. மடம் என்பதற்கு உரைமரபில் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று ஒரு விளக்கம் உண்டு. சொல்லிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வாங்கியதை விடாமல் பிடித்துக்கொள்வது. முட்டாள்தனம் வேறு, இது வேறு. உங்கள் காப்பீட்டு ஆய்வாளர் செருப்பை எண்ணுகிறாரே, அது அசல் மடம். ஊர் அழிந்தாலும் படிவத்தை நிரப்புவார். அப்படிப்பட்ட ஆள்தான் கொலையைக் கண்டுபிடிக்க முடியும், ஏனென்றால் எல்லாரும் விட்டுவிட்டதை அவர் விடமாட்டார். சிரிப்பும் துப்பும் ஒரே குணத்திலிருந்து வருகின்றன.

20. முதல்பிரதி

அப்படியானால் என் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்குப் பதில், தெரிந்த ஒன்றை விடமாட்டார் என்று வைக்க வேண்டுமா? உதாரணமாக, குற்றம் நடந்த இடத்தில் எதையும் தொடக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததால், விழுந்த பிறகும் தரையைத் தொடாமல் எழுந்திருக்கப் பார்க்கிறார்?

21. கருப்புமை

தம்பி!!! இரண்டே நாளில் சர்க்கஸிலிருந்து இங்கே வந்துவிட்டீர்கள். அதோடு அவர் பக்கத்தில் நின்றவரிடம் கைக்குட்டை வாங்கக் காரணமும் கிடைத்துவிட்டது. தன் கையை எங்கேயும் வைக்கக் கூடாதே!

பழஞ்சுவடி ஐயா, ஆய்வாளரை எழுதியவன் நான். அவர் ஏன் வேடிக்கையானவர் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

22. சும்மாவந்தவர்

சாவில் சிரிப்பைத் தேடுவதற்குத் தொல்காப்பியம் வேறு துணையா? வீட்டில் ஒரு சாவு விழுந்தவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்?

23. நெறியாளர்

கேள்வி நியாயமானது. எழுத்தைப் பற்றிப் பேசுங்கள், எழுதியவரைப் பற்றி வேண்டாம்.

24. கருப்புமை

நெறியாளருக்கு நன்றி, ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் தூக்கமில்லாதவளும் கேட்பது ஒரே கேள்விதான், அவர் கொஞ்சம் காரமாகக் கேட்கிறார்.

எனக்குத் தெரிந்தவரை சாவு வீட்டில்தான் அடக்க முடியாத சிரிப்பு வரும். அப்பா இறந்த அன்று ஒரு உறவினர் தப்பான வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். அழுதுகொண்டிருந்த என் அத்தை அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அப்புறம் முன்பைவிட அதிகமாக அழுதார். நாங்கள் யாரும் செத்தவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாவைச் சுற்றி உயிரோடு இருக்கிறவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரித்தோம்.

என் அத்தியாயத்தில் கோளாறு அங்கேதான். பிணத்தையே வேடிக்கைப் பொருளாக்கிவிட்டேன், சுற்றி அழுவதற்கு அத்தை இல்லை.

25. தூக்கமில்லாதவள்

சார், தடயம் ஐயா சொன்னதை நேற்றிலிருந்து யோசிக்கிறேன். செத்ததும் முகம் தளர்ந்துவிடும், சிரிப்பு தங்காது. விறைப்பு முகத்தில்தான் முதலில் ஆரம்பிக்கும். அப்படியென்றால் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் யாராவது அந்த முகத்தைப் பிடித்து வைத்திருந்தால்?

26. ஓய்வுபெற்ற தடயம்

விறைக்கும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் உடம்பு இறுகும். தாடை தொங்காமல் துணி கட்டுவதும் அதனால்தான்.

ரத்தம் தேங்கும் இடத்தையும் கவனியுங்கள். இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கி ஊதா நிறத்தில் படியும், 8 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் நிலைத்துவிடும். உட்கார்ந்தபடி செத்து, இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தவர் என்றால் நிறம் காலிலும் கைவிரல்களிலும் இருக்கும், முதுகில் இருக்காது. காலையில் மல்லாக்கப் படுக்க வைத்தாலும் மாறாது. உடம்பும் நாற்காலியில் மடிந்தபடியே விறைத்திருக்கும், பாயில் நீட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றால் மூட்டுகளைப் பலவந்தமாக நீட்ட வேண்டும். அப்படி நீட்டிய இடத்தில் விறைப்பு உடைந்துவிடும், மறுபடி இறுகாது. கை விறைப்பாக, முழங்கால் தளர்வாக இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே போதும், யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள்.

27. கருப்புமை

மனைவி.

மன்னிக்கவும், அவசரத்தில் ஒரே சொல்லாகப் போட்டுவிட்டேன். அவரைக் கொன்றது யார் என்பது இப்போது எனக்கே தெரியாது, ஆனால் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது மனைவிதான். ஊருக்கெல்லாம் சிரிப்புச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டில் ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை. நாற்காலியில் செத்துக்கிடந்தவரைப் பார்த்த அந்த அம்மாள், காவல்துறையைக் கூப்பிடவில்லை, கத்தவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் கன்னத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். விடிவதற்குள் மன்றத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார், அவர் சிரிப்பது வழக்கமாக அங்கேதானே.

இது துக்கமா, வேடிக்கையா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதனாலேயே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

28. முதல்பிரதி

அண்ணா, படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

29. கருப்புமை

இரவு தூங்கவில்லை. முடிவுப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

> ஏழேகாலுக்கு மணி அடித்தது. இருபத்துமூன்று பேர் எழுந்தார்கள். பொருளாளர் தலைவரின் கையைப் பிடித்துத் தூக்கினார். தோளும் சேர்ந்து எழுந்தது. முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்டது.
>
> "இறந்துவிட்டார்" என்றார் ஆய்வாளர்.
>
> அறையில் யாருக்கும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரமாகச் சிரித்த தசைகள் உடனே இறங்க மறுத்தன. பொருளாளர் இரண்டு கையாலும் தன் வாயைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல மனிதர். சந்தா பாக்கி மூன்று மாதம்."
>
> ஆய்வாளர் குனிந்து பார்த்தார். தலைவரின் இரண்டு கன்னத்திலும் லேசான பள்ளம் இருந்தது. விரல் அளவு. மனுவில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று யோசித்தார்.

தம்பி சொன்னபடி செருப்பு எண்ணும் இடத்தை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வேகம் குறைகிறது என்பது உண்மைதான்.

30. ஓய்வுபெற்ற தடயம்

முழங்கால் சரி. கன்னப் பள்ளமும் இருக்கட்டும். நன்றி.

31. சும்மாவந்தவர்

செருப்பை எடுக்காதீர்கள்.

முதல் பதிவிலேயே செருப்பு இருபத்துமூன்று ஜோடி, படுத்தவர்கள் இருபத்துநான்கு பேர். தலைவர் தானாக நடந்து வரவில்லை என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. ஒரு வாரமாக யாராவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றே வைத்த துப்பு என்றால் சொல்லுங்கள், சிரிக்கிறேன்.

32. கருப்புமை

ஆமாம் என்று சொல்லட்டுமா?

33. தூக்கமில்லாதவள்

சார், பொய் சொல்லாதீர்கள். விஷம் குடித்துவிட்டு நடந்து வந்தார் என்றுதானே எழுதியிருந்தீர்கள்?

34. கருப்புமை

24 என்று முதலில் எழுதினேன். ஆய்வாளர் தன்னுடையதையும் சேர்த்து எண்ணுவாரா மாட்டாரா என்று குழம்பி ஒன்றைக் கழித்தேன்.

35. சும்மாவந்தவர்

இப்போது வந்தது.